வராதோர் எண்ணிக்கையும் மக்களாணையும்: குறைந்த வாக்குப்பதிவுப் பொதுவாக்கெடுப்புகள் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பொதுவாக்கெடுப்பில் வாக்களிப்போர் தொகை குறையும்போது அதன் முடிவை மக்களாணை எனக் கொள்ளலாமா என்னும் வினா தெற்காசிய வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. 1947ஆம் ஆண்டின் வடமேற்கு எல்லைப்புற மாகாண, சில்ஹெட் வாக்கெடுப்புகள், 1954ஆம் ஆண்டின் கீழூர் வாக்கெடுப்பு, 1978இல் இந்தியாவிலும் இலங்கையிலும் வகுக்கப்பட்ட இருவேறு வரம்புகள், 1982ஆம் ஆண்டின் இலங்கைப் பொதுவாக்கெடுப்பு, கல்வராயன் மலை ஊர்களுக்குப் பொருந்தும் கிராம சபைக் குறைவெண் விதிகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. வாக்குப்பதிவு விழுக்காட்டை மட்டும் கொண்டு ஆணையின் நேர்மையை அளக்க இயலாது என்பதும், பட்டியலில் இடம்பெறாதோர் யார், வராதோர் வராமைக்குக் காரணம் யாது, எடுத்த முடிவைப் பின்னர் மாற்ற வழியுண்டா என்னும் மூன்று வினாக்களும் அவ்விழுக்காட்டுடன் சேர்த்தே கேட்கப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பொதுவாக்கெடுப்பு, குறைவெண் வரம்பு, மக்களாணை, புறக்கணிப்பு, கீழூர், கிராம சபை, கல்வராயன் மலை, வன உரிமைச் சட்டம்.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி வடக்கனந்தல். பேரூராட்சி என்பதால் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறும் கிராம சபை அங்கு இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படியான பகுதி சபையே அதற்குரியது. மலைமேல் ஏறினால் நிலை மாறுகிறது. அங்குள்ளவை கிராம ஊராட்சிகள். அவற்றில் கிராம சபை உண்டு. அம்மலையூர் மக்களே வன உரிமைக் கோரிக்கைகளை முடிவு செய்யக் கூடும்போது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் விதிகளுக்கு உட்படுகின்றனர். இரு சட்டங்களும் ஒரு கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வரவேண்டும் என்பதற்கு இருவேறு விடை தருகின்றன. ஒன்றின்படி ஊராரில் மிகச் சிலர் வந்தாலே தீர்மானம் செல்லும். மற்றொன்றின்படி பாதிப்பேர் வந்தாக வேண்டும்.

எத்தனை பேர் பேசினால் அது ஊரின் குரலாகும் என்னும் வினா இங்கு எழுகிறது. நாடு தழுவிய பொதுவாக்கெடுப்புகள் குறித்து அரசியல் அறிஞர் எழுப்பும் வினாவும் இதுவே. 30 விழுக்காட்டினர் மட்டும் வாக்களித்த ஒரு வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்ற தரப்பு, வாக்களிக்காத 70 விழுக்காட்டினரையும் கட்டுப்படுத்தும் உரிமை பெறுகிறதா? வராதோர் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதா, மறுப்பாகக் கொள்வதா, இரண்டுமன்று என ஒதுக்குவதா? கோட்பாட்டு நிலையில் மட்டும் நின்று இவ்வினாக்களுக்கு விடை காண்பது அரிது. வரலாற்றில் நிகழ்ந்த வாக்கெடுப்புகளை எண்களோடும் சூழலோடும் வைத்துப் பார்க்கும்போது சில தெளிவுகள் கிடைக்கின்றன.

வரம்புகளின் வகைகள்

வாக்கெடுப்பின் செல்லுபடியைத் தீர்மானிக்க உலகில் மூன்று முறைகள் வழக்கிலுள்ளன. முதலாவது எளிய பெரும்பான்மை. வந்தோர் எத்தனை பேராயினும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்ற தரப்பு வெல்லும். சுவிட்சர்லாந்தின் வாக்கெடுப்புகளில் வருகைக்குக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. இரண்டாவது பங்கேற்பு வரம்பு. பதிவு பெற்ற வாக்காளரில் குறித்த விழுக்காட்டினர் வாக்களித்தால் மட்டுமே முடிவு செல்லும். சட்டங்களை நீக்கும் வாக்கெடுப்புகளுக்கு இத்தாலிய அரசமைப்பின் 75ஆம் உறுப்பு பாதிக்கு மேற்பட்டோர் பங்கேற்க வேண்டும் என்கிறது. மூன்றாவது ஒப்புதல் வரம்பு. மொத்த வாக்காளரில் குறித்த பங்கினர் ஆதரவாக வாக்களித்திருக்க வேண்டும். எதிர்ப்போர் வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு மாறாது.

பங்கேற்பு வரம்பில் ஒரு முரண் உள்ளது. 100 வாக்காளர் கொண்ட ஓர் இடத்தில் பாதிக்கு மேல் வரவேண்டும் என்பது விதி எனக் கொள்வோம். 48 பேர் ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களித்தால் வந்தோர் 51; தீர்மானம் நிறைவேறும். அந்த மூவரும் வீட்டிலேயே இருந்திருந்தால் வந்தோர் 48; தீர்மானம் வீழும். எதிர்ப்பவர் வாக்குச்சாவடிக்கு வந்ததனாலேயே தம் தரப்பைத் தோற்கடித்தவராகிறார். 2016 ஏப்ரலில் கடற்பரப்பில் எரிபொருள் எடுப்பது குறித்து இத்தாலியில் நடந்த வாக்கெடுப்பில் பிரதமர் மத்தேயோ ரென்சி வாக்களிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே கூறியதற்கு இக்கணக்கே அடிப்படை. ஏறத்தாழ 31 விழுக்காட்டினரே வந்தனர். வந்தோரில் பெரும்பாலோர் ஆதரித்தும் முடிவு செல்லாமற் போயிற்று.

1926 ஜூன் மாதம் ஜெர்மனியில் முன்னாள் அரச குடும்பங்களின் சொத்துகளை இழப்பீடின்றிப் பறிமுதல் செய்வது குறித்து நடந்த வாக்கெடுப்பு மேலும் ஒரு சிக்கலைக் காட்டியது. ஏறத்தாழ 1.44 கோடிப் பேர் ஆதரவாக வாக்களித்தனர். எதிர்வாக்குகள் 6 லட்சத்தைக் கூடத் தொடவில்லை. ஆயினும் பங்கேற்பு 39 விழுக்காட்டளவில் நின்றதால் தீர்மானம் தோற்றது. எதிர்ப்பாளர் அனைவரும் வீட்டிலிருக்குமாறு அழைக்கப்பட்டபோது வாக்குச்சாவடிக்குச் செல்வதே ஆதரவின் அடையாளமாயிற்று. நிலக்கிழார் கண்ணெதிரே வாழ்ந்த சிற்றூர்த் தொழிலாளிக்கு இரகசிய வாக்கு என்பது பெயரளவில் மட்டுமே எஞ்சியது.

ஒப்புதல் வரம்புக்கும் இடர்ப்பாடு உண்டு. 1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்தில் தன்னாட்சி அவை அமைப்பது பற்றி நடந்த வாக்கெடுப்பில் வந்தோரில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். மொத்த வாக்காளரில் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்பது விதி. கிடைத்தது 32.9 விழுக்காடு. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் பெயர்கள் பட்டியலில் எஞ்சியிருந்தால் அவை யாவும் எதிர்வாக்குகளாகவே செயல்படும் என்பதால் பட்டியலின் துல்லியமே அன்று பெரும் விவாதப் பொருளாயிற்று.

வருகையைக் கடமையாக்கும் எண்ணம் தமிழ்நிலத்திற்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியத்தாரைத் தேர்ந்தெடுக்கும்போது இளையோர் முதியோர் உள்ளிட்ட மகாசபையைக் கூட்ட வேண்டும் என்று விதிக்கின்றன. ஆயின் அச்சபை பிரமதேய ஊரின் நிலவுடைமையாளர் சபை. ஊரில் உழைத்த பிறர் அதில் உறுப்பினரல்லர். முழு வருகையும் குறுகிய பட்டியலும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்கு இது பழைய சான்று.

1947: இரு வாக்கெடுப்புகள், இரு கணக்குகள்

1947 ஜூன் 3 அறிவிப்பின்படி வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலும் அசாமின் சில்ஹெட் மாவட்டத்திலும் அவ்வாண்டு ஜூலை மாதம் வாக்கெடுப்புகள் நடைபெற்றன. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும்.

எல்லைப்புற மாகாணத்தில் 1946 தேர்தலில் 50 இடங்களில் 30ஐக் காங்கிரஸ் வென்று, டாக்டர் கான் சாகிப் தலைமையில் அமைச்சரவை அமைத்திருந்தது. வாக்கெடுப்பில் இந்தியாவா பாகிஸ்தானா என்னும் இரு தெரிவுகளே வழங்கப்பட்டன. கான் அப்துல் கஃபார் கான் தலைமையிலான குதாய் கித்மத்கார் இயக்கம் தனிப் பஷ்தூன் நாடு என்னும் மூன்றாம் தெரிவைக் கோரியது. அது மறுக்கப்பட்டதால் வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. பதிவு பெற்ற வாக்காளர் 5,72,798 பேர். பாகிஸ்தானுக்கு 2,89,244 வாக்குகளும் இந்தியாவுக்கு 2,874 வாக்குகளும் பதிவாயின. வந்தோர் ஏறத்தாழ 51 விழுக்காடு.

சில்ஹெட்டில் பதிவு பெற்ற வாக்காளர் 5,46,815 பேர். கிழக்கு வங்காளத்துடன் சேர 2,39,619 வாக்குகளும் அசாமிலேயே நீடிக்க 1,84,041 வாக்குகளும் கிடைத்தன. வந்தோர் ஏறத்தாழ 77 விழுக்காடு.

வாக்குப்பதிவை மட்டும் நோக்கின் சில்ஹெட் முடிவே வலுவானதாகத் தோன்றும். ஒப்புதல் வரம்பைக் கொண்டு நோக்கின் படம் தலைகீழாகிறது. சில்ஹெட்டில் வென்ற தரப்பு மொத்த வாக்காளரில் 43.8 விழுக்காட்டினரின் ஆதரவையே பெற்றது. எல்லைப்புற மாகாணத்தில் வென்ற தரப்பு 50.5 விழுக்காட்டினரின் ஆதரவைப் பெற்றது. பட்டியலின் சரிபாதி 2,86,399. அதைக் காட்டிலும் 2,845 வாக்குகள் கூடுதல். வராதோர் அனைவரும் வந்து எதிராக வாக்களித்திருந்தாலும் முடிவு மாறியிராது என்று வென்ற தரப்பு வாதிட இக்கணக்கு இடம் தருகிறது. குறைந்த வாக்குப்பதிவு கொண்ட வாக்கெடுப்பு மிகக் கடுமையான எண்வரம்பைக் கடக்கவும், மிகுந்த வாக்குப்பதிவு கொண்டது அதனைக் கடக்காமற் போகவும் கூடும் என்பது இவ்விரண்டையும் சேர்த்துக் காணும்போது விளங்குகிறது.

இதனால் எல்லைப்புற முடிவு ஐயத்திற்கு அப்பாற்பட்டது ஆகிவிடுவதில்லை. அதன் மீதான ஐயங்கள் வேறிடத்தில் தோன்றுகின்றன. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சொத்து, வரி, கல்வித் தகுதிகளின் அடிப்படையில் வாக்குரிமை வழங்கியது. 1941 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் 6 லட்சத்திற்கும் குறைவு. எல்லைப்புறப் பழங்குடிப் பகுதிகள் வாக்கெடுப்பில் சேர்க்கப்படவில்லை. கணிசமான மக்கள் கோரிய தெரிவு வாக்குச்சீட்டில் இல்லை. சில்ஹெட்டிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தனித்தொகுதி வாக்காளர் வாக்கெடுப்பில் சேர்க்கப்படாதது நெடுநாள் மனக்குறையாக நிலைத்தது. வாக்குச்சாவடிக்கு வராதோரைப் பற்றிப் பேசும் ஆய்வு, வரவே அனுமதிக்கப்படாதோரையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

கீழூர் 1954: 178 பேரின் ஆணை

அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் சூழ்ந்திருந்த புதுச்சேரியில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. கள்ளக்குறிச்சியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு, தொடர்புடைய மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க இயலாது என்று விதித்தது. 1948இல் இந்தியாவும் பிரான்சும் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்கள் வாக்கெடுப்பின் வழியே முடிவு செய்ய உடன்பட்டன. 1949 ஜூன் 19 அன்று சந்தர்நாகூரில் நேரடி வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் இணைய 7,473 பேரும் பிரெஞ்சு ஒன்றியத்தில் நீடிக்க 114 பேரும் வாக்களித்தனர்.

புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கிலும் அத்தகைய நேரடி வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதித்துவ சபையினரும் கொம்யூன் மன்றத்தினருமாக 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் இசைவுக்குப் பின் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவுற்றது.

பிரதிநிதிகள் அனைவரும் ஏறக்குறைய ஒருமித்து வாக்களித்ததால் கீழூரில் வாக்குப்பதிவுக் குறைவு என்னும் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் லட்சக்கணக்கான மக்களின் நாட்டுரிமையை 178 பேர் முடிவு செய்தனர். மக்களின் இசைவு என்று அரசமைப்பு கூறியதற்குப் பிரதிநிதிகளின் இசைவு ஈடாகுமா என்னும் சட்ட வினா எழுந்ததும் இயல்பே. வரலாற்றில் அவ்வினா பெரும் பூசலாக வளரவில்லை. இணைப்புக்கு ஆதரவான மக்களியக்கம் முன்னரே வலுப்பெற்றிருந்தது. மாற்றத்திற்குப் பின் நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் மக்கள் பங்கேற்றனர். ஒரு வாக்கெடுப்பின் ஆணை அன்றைய எண்ணிக்கையோடு முடிவதில்லை. பின்வரும் தேர்தல்களில் மக்கள் அதனை ஏற்றோ மறுத்தோ பேசும் வாய்ப்பு இருக்கும்போது தொடக்கத்திலிருந்த குறை ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. அவ்வாய்ப்பையே ஒரு வாக்கெடுப்பு பறித்துவிடுமானால் நிலைமை வேறாகும். அதற்கான எடுத்துக்காட்டு இலங்கையில் கிடைக்கிறது.

1978: ஒரே ஆண்டில் இரு விடைகள்

நெருக்கடி நிலைக் காலத்திற்குப் பின் ஜனதா அரசு 1978இல் கொண்டுவந்த 45ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா, மதச்சார்பின்மை, மக்களாட்சித் தன்மை, அடிப்படை உரிமைகள், நேர்மையான தேர்தல், நீதித்துறையின் சுதந்திரம் ஆகியவற்றைக் குலைக்கும் திருத்தங்கள் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட வேண்டும் என முன்மொழிந்தது. வாக்காளரில் குறைந்தது 51 விழுக்காட்டினர் பங்கேற்ற வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைக்க வேண்டும் என்பது அதன் வரம்பு. மக்களவையில் நிறைவேறிய இப்பிரிவை மாநிலங்களவை ஏற்கவில்லை. மீதிப் பகுதிகள் 44ஆவது திருத்தச் சட்டமாயின. இந்திய அரசமைப்பில் பொதுவாக்கெடுப்பு இடம்பெறாமலே போயிற்று.

அப்பிரிவு நிறைவேறியிருந்தால் மேலே கூறிய பங்கேற்பு வரம்பின் முரண் இந்தியாவிலும் தோன்றியிருக்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வரம்பு காத்து நின்றது ஏற்கெனவே இருந்த உரிமைகளை. வாக்காளர் வராமையால் தீர்மானம் வீழ்ந்தால் உரிமைகள் பிழைக்கும். இருப்பதை மாற்ற முனைபவரே பெருந்தொகையினரை அழைத்துவர வேண்டும் என்னும் கொள்கை அதன் அடியில் இருந்தது.

அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலங்கை அரசமைப்பின் 85(3) உறுப்பு மேலும் நுட்பமானது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றால் மசோதா ஏற்கப்பட்டதாகும். மொத்த வாக்காளரில் மூன்றில் இரு பங்கிற்கு மேற்படாதோரே வாக்களித்திருந்தால், மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினராவது ஆதரித்திருக்க வேண்டும். மிகுதியானோர் வந்தால் எளிய பெரும்பான்மை, குறைந்தோர் வந்தால் ஒப்புதல் வரம்பு என இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு இது. எதிர்ப்போர் வராமலிருந்து பெறும் ஆதாயத்தை இது பெருமளவு குறைக்கிறது. ஸ்காட்லாந்தின் 1979 முடிவை இவ்விதிக்கு உட்படுத்தினால் வாக்குப்பதிவு 64 விழுக்காட்டை ஒட்டியது என்பதால் மூன்றில் ஒரு பங்கு ஆதரவு தேவைப்படும். 32.9 விழுக்காடு என்பது அதற்கும் மயிரிழையில் குறைவே.

இவ்விதி 1982 டிசம்பர் 22 அன்று முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தலின்றி 1989 வரை நீட்டிக்கும் நான்காவது திருத்தமே வாக்கெடுப்பின் பொருள். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டு 168 இடங்களில் 140ஐப் பெற்றிருந்தது. 1978 அரசமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்ததால் அடுத்த தேர்தலில் அதே வாக்குகள் ஆறில் ஐந்து பங்கு இடங்களை ஈட்டித்தர வழியில்லை. ஆகவே விளக்குச் சின்னத்திற்கோ குடச் சின்னத்திற்கோ இட்ட ஒரு வாக்கு, ஆறு ஆண்டுகளுக்கான அதிகாரப் பகிர்வை முடிவு செய்தது.

பதிவு பெற்ற வாக்காளர் 81,45,015 பேர். ஆதரவு 31,41,223; எதிர்ப்பு 26,05,983. வாக்குப்பதிவு ஏறத்தாழ 71 விழுக்காடு. மூன்றில் இரு பங்கைக் கடந்ததால் 54.66 விழுக்காட்டு ஆதரவே போதுமானதாயிற்று. மொத்த வாக்காளரில் ஆதரித்தோர் 38.6 விழுக்காடு என்பதால் மூன்றில் ஒரு பங்கு என்னும் மாற்று வரம்பும் நிறைவு பெற்றது. எண்சார்ந்த எந்தச் சோதனையிலும் இம்முடிவு தோற்கவில்லை.

அதன் சூழல் வேறு கதை கூறுகிறது. நாடெங்கும் அவசரகால நிலை நடைமுறையில் இருந்தது. இலங்கைச் சுதந்திரக் கட்சித் தலைவர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பினர் பலர் தடுத்துவைக்கப்பட்டனர். எதிர்க்கட்சி அச்சகம் முத்திரையிடப்பட்டது. வாக்குப்பதிவின்போது நிகழ்ந்த முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே பின்னர் பதிவு செய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழருள் பெருந்தொகையினர் அப்போதும் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே இருந்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மறுத்தனர். நாட்டின் மொத்தக் கணக்கில் அம்மறுப்பு கரைந்துபோயிற்று.

விளைவு எண்களைக் காட்டிலும் கனமானது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் கொண்டுவரப்பட்ட ஆறாவது திருத்தத்தின்படி உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர் தம் இடங்களை இழந்தனர். 1983இல் வந்திருக்க வேண்டிய பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரி வரை வரவில்லை. இனச்சிக்கல் போராக முற்றிய ஆண்டுகளில் வடபுலத் தமிழர் தம் கருத்தைப் பொதுத்தேர்தல் வழியே தெரிவிக்கும் வாயில் அடைபட்டிருந்தது. கீழூர் முடிவைத் தொடர்ந்து மக்கள் மீண்டும் மீண்டும் வாக்களித்தனர். 1982 வாக்கெடுப்போ அடுத்த வாக்களிப்பையே நிறுத்திவைத்தது. மிகுந்த வாக்குப்பதிவும் தன்னளவில் நேர்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழர் வரலாற்றில் இல்லை.

வராமையின் பொருள்

வாக்களிக்க வராமைக்கு ஒரே பொருள் கொள்வது பிழை. அக்கறையின்மை, இரு தெரிவுகளும் ஏற்புடையனவல்ல என்னும் எதிர்ப்பு, அச்சம், தொலைவும் பிழைப்பும் விளைக்கும் இயலாமை என அது பல வகைப்படும். பொதுவாக்கெடுப்பு அல்லாத தேர்தல்களும் இதற்கு வெளிச்சம் தருகின்றன. 1994ஆம் ஆண்டின் இலங்கைப் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெரும்பகுதி அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத நிலையில் ஏறத்தாழ 2.3 விழுக்காட்டு வாக்குகளே பதிவாயின. ஈழ மக்கள் சனநாயகக் கட்சியினர் 10,744 வாக்குகளைக் கொண்டு அம்மாவட்டத்தின் 10 இடங்களில் 9ஐப் பெற்றனர். சட்டப்படி அவர்கள் மக்கள் பிரதிநிதிகள். அவர்தம் ஆணையின் ஆழம் வேறு வினா.

2005 குடியரசுத் தலைவர் தேர்தலில் புறக்கணிப்பு அழைப்பும் அச்சமும் சூழ்ந்திருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 7,01,938 வாக்காளரில் 8,524 பேரே வாக்களித்தனர். நாடு முழுதும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வேறுபாடு 1,80,786 வாக்குகள். வராதோர் யாருக்கு வாக்களித்திருப்பர் என்று ஊகிப்பது வரலாற்றாய்வின் பணியன்று. ஆயினும் ஒரு மாவட்டத்தில் வராதோர் தொகை நாட்டின் வெற்றி வேறுபாட்டைப்போல் மூன்று மடங்கிற்கும் மேல் இருந்தது என்பது, வராமை வெறும் வெற்றிடமன்று என்பதைக் காட்டுகிறது. தாமே விரும்பி விலகியவரையும் விலகுமாறு அச்சுறுத்தப்பட்டவரையும் ஒரே விழுக்காட்டுக்குள் அடக்குவதால் அவ்வெண் உண்மையை மறைக்கவும் கூடும்.

கல்வராயன் மலையில் இருவகைக் குறைவெண்

முன்னுரையில் சுட்டிய மலையூர்களுக்கு இவ்வரலாற்றுத் தெளிவுகள் நேரடியாகப் பொருந்துகின்றன. தமிழ்நாட்டுக் கிராம சபை விதிகளின்படி மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் குறைவெண் வரம்பாவர். 500 பேர் வாழும் இடத்தில் இது பத்தில் ஒரு பங்கு. 10,000 பேர் வாழும் இடத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஊர் பெருகப் பெருக வேண்டப்படும் பங்கு சுருங்குகிறது. வரவு செலவுக் கணக்கு, பயனாளிகள் பட்டியல், பணித்திட்டம் ஆகியவற்றை ஆண்டில் பலமுறை கூடி ஆராயும் அவைக்கு இத்தாழ்ந்த வரம்பு பொருத்தமற்றதன்று. ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவை அடுத்த கூட்டத்தில் திருத்தலாம்.

வன உரிமைச் சட்டத்தின் நோக்கு வேறு. கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நில உரிமைச் சிக்கல்களுக்கு அவ்வரலாறும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால் பட்டியல் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இங்கு பொருந்தாது. எனவே மலைமக்களின் கூட்டு முடிவுக்குச் சட்ட வலிமை தருவதில் வன உரிமைச் சட்டம் தனியிடம் பெறுகிறது. அதன் 2008ஆம் ஆண்டு விதிகள் உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினர் வரவேண்டும் என்றன. 2012 திருத்தம் அதைப் பாதியாகக் குறைத்தது. வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றும், உரிமைக் கோரிக்கைகள் மீதான தீர்மானத்தின்போது கோரியோரில் அல்லது அவர்தம் சார்பாளரில் பாதிப்பேராவது இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது.

இவ்விதியில் மூன்று தனித்தன்மைகள் உள்ளன. தலைமுறைகளைப் பிணைக்கும் முடிவுக்கு உயர்ந்த வரம்பு வைக்கப்பட்டுள்ளது. எத்தனை பேர் என்பதோடு யார் யார் என்பதும் கேட்கப்படுகிறது. முடிவால் நேரடியாகப் பாதிக்கப்படுவோர் இன்றி முடிவெடுக்கக் கூடாது என விதிக்கப்படுகிறது. பொதுவாக்கெடுப்புச் சட்டங்களில் பொதுவாகக் காணப்படாத நுட்பம் இது. இத்தகைய அவைகளின் வலிமையை ஒடிசாவின் நியமகிரி காட்டியது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. மலையைச் சார்ந்து வாழும் ஊர்கள் நூற்றுக்கு மேற்பட்டிருக்க 12ஐ மட்டும் தெரிந்தெடுத்தது ஏன் என்ற குறை அப்போதும் எழுந்தது. முடிவுக்கு முன்னரே பட்டியலை வகுப்பவர் யார் என்னும் 1947இன் வினா அங்கும் திரும்ப ஒலித்தது.

உயர்ந்த வரம்பு மலைமக்களுக்குக் கேடயமாகவும் தடையாகவும் அமையலாம். வெளியார் சிலரைத் திரட்டி ஊரின் பெயரால் இசைவு பெறுவதை அது தடுக்கிறது. அதே வேளையில் பிழைப்புத் தேடிப் பருவந்தோறும் வெளிமாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்லும் மக்களின் ஊரில் பாதிப்பேர் ஒரு நாளில் கூடுவது எளிதன்று. சிதறிய குக்கிராமங்களிலிருந்து கூட்ட இடத்தை அடைய ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். அறுவடை முடிந்து மக்கள் ஊர் திரும்பும் காலத்தில் கூட்டினால் நிறையும் சபை, மற்ற நாளில் கூட்டினால் குறைவெண்ணின்றிக் கலையும். கூட்டும் நாளைக் குறிக்கும் அதிகாரம் படைத்தவர் கையில் முடிவின் ஒரு பகுதியும் சேர்ந்துவிடுகிறது. மலைமேல் வராமை என்பது பெரும்பாலும் அக்கறையின்மை ஆகாது. வழியும் வருவாயும் விதிக்கும் வராமை அது.

முடிவுரை

குறைந்த வாக்குப்பதிவால் ஒரு முடிவு தானாகச் செல்லாததாகி விடுவதுமில்லை; நிறைந்த வாக்குப்பதிவால் நேர்மையானதாகி விடுவதுமில்லை. எல்லைப்புற மாகாண முடிவு எண்வரம்பைக் கடந்தும் பட்டியலாலும் தெரிவுகளாலும் ஐயத்திற்கு இடமாயிற்று. கீழூர் முடிவு மிகச் சிலரால் எடுக்கப்பட்டும் பின்வந்த தேர்தல்களால் உறுதிபெற்றது. இலங்கையின் 1982 முடிவு சட்டத்தின் எல்லா அளவுகளுக்கும் பொருந்தியும் மக்கள் திரும்பப் பேசும் வாயிலை அடைத்ததால் நேர்மையான ஆணையாகக் கொள்ளத்தக்கதன்று.

எனவே வரம்புகளை வகுக்கையில் முடிவின் இயல்பே அளவுகோலாக வேண்டும். அடுத்த கூட்டத்திலோ தேர்தலிலோ திருத்தக்கூடிய முடிவுக்கு வந்தோரின் பெரும்பான்மை போதும். நிலம், நாட்டுரிமை, தேர்தல் உரிமை போன்று மீட்டற்கரியவற்றை மாற்ற முனைவோருக்கு ஒப்புதல் வரம்பு விதிப்பது முறை. வராதோரை ஆதாயமாக்கும் பங்கேற்பு வரம்பைக் காட்டிலும் அது நேரியது. வரம்பு எதுவாயினும் வாக்கெடுப்புக்கு முன்பே அறிவிக்கப்படுவதும், பாதிக்கப்படுவோர் வர இயலும் நாளும் இடமும் குறிக்கப்படுவதும் அதன் பகுதிகளாகும்.

கல்வராயன் மலைக் கிராம சபைப் பதிவேடுகளில் வந்தோர் கையெழுத்தும் கைநாட்டும் இடம்பெறுகின்றன. வராதோர் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு பத்தியும் இல்லை. கூட்டம் குறித்த நாள், பருவம், குக்கிராமங்களின் தொலைவு, வெளியூர் சென்றோர் தொகை ஆகியவற்றை அப்பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஆராய்வது, மலையடிவாரப் பேரூராட்சிகளின் பகுதி சபைகளையும் அவ்வாய்வில் சேர்ப்பது ஆகியன எதிர்கால ஆய்வாளர் முன்னுள்ள பணிகள். வராதோரையும் எண்ணத் தொடங்கும்போதே வந்தோரின் தீர்மானம் எவ்வளவு தூரம் ஊரின் தீர்மானம் என்பதை அளந்தறிய இயலும்.